ரப்பர் தெரிந்த மனிதர்

ரப்பர் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பெல்ட்காரர் பிடித்துக்கொள்வார். அப்புறம் விட மாட்டார். எந்த ரப்பர் சூட்டைத் தாங்கும், எது வெயிலில் வெடிக்கும், எது எண்ணெய் பட்டால் ஊதிப்போகும் என்று எதிரில் இருப்பவரின் டீ ஆறிப்போகும்வரை விளக்குவார். கேட்பவர் கொட்டாவி விட்டால்கூட ஆர்வத்தில் வாயைப் பிளக்கிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

பத்தொன்பது வருடமாக அதுதான் பிழைப்பு. கல் குவாரி, சிமெண்ட் ஆலை, நிலக்கரிக் கிடங்கு, துறைமுகம் என்று எங்கெல்லாம் நீளமான பெல்ட் பாரம் சுமந்து ஓடுகிறதோ, அங்கே பெல்ட் அறுந்தால் இவருக்குத்தான் ஃபோன் வரும். ஆள் போய் இறங்கி, அறுந்த இரண்டு முனைகளையும் அடுக்கடுக்காகக் கத்தியால் உரித்து, சுரண்டி, துடைத்து, சொலூஷன் பசை தடவிக் காயவைத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் படுக்கவைத்து, இரண்டு சூட்டுத் தகடுகளுக்கு நடுவில் இறுக்கி வேகவைத்து எடுத்தால், ஒட்டிய இடம் எது என்று கம்பெனி முதலாளியே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எண்ணெய்க் கையோடு எவனும் பக்கத்தில் வரக்கூடாது. கிரீஸ் கையோடு ஒரு ஃபிட்டர் பெல்ட்டைத் தொட்டான் என்பதற்காக, ஆலை மேனேஜர் நிற்கிறார் என்றும் பார்க்காமல் அவனைக் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார்.

சொலூஷனும் தின்னரும் பட்டுப் பட்டு அவர் கை மட்டும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதற்காகச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு களிம்பு டப்பா. வேலை நேரத்தில் தொட மாட்டார். வேலை முடிந்து குளித்ததும் இரண்டு கையிலும் வழிய வழியப் பூசிக்கொள்வார்.

மாதத்தில் இருபது நாள் வெளியூர் லாட்ஜ், பத்து நாள் வீடு. வெளியூரில் அவர் பெண்களிடம் காசு கொடுத்துப் போய் வருவது உண்டு. முதலில் கூட வேலை பார்த்தவர்கள் அழைத்துப் போனார்கள், பிறகு அவருக்கே வழி தெரிந்துவிட்டது. தனிமை, அலுப்பு, உடம்பு என்று இதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். அவர் சார்பில் நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை, பின்னால் அவரே வாங்கவில்லை.

ஆணுறை விஷயத்தில் அவருக்கு ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. பெல்ட்டைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கு விட்டுப்போயிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிற கண் அல்லவா அது, மனுஷியைப் பார்த்தால் தெரியாதா? வீடு சுத்தமாக இருந்தால், ஆள் பளிச்சென்று இருந்தால், இரண்டு மூன்று முறை பழகியவளாக இருந்தால், உறை வேண்டாம். சந்தேகமாக இருந்தால் மட்டும் போடுவது. தன்னைப் பார்த்து எந்தப் பெண்ணாவது சந்தேகப்படலாம் என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. எத்தனை ஆண்களின் கணக்கில் அது வருகிறது?

அந்தக் கணக்கை முதன்முதலில் தட்டிக் கேட்டவர், பெரிய சிமெண்ட் ஆலை இருந்த ஊரில் தையல் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த கண்ணாடிக்காரம்மா. வயது நாற்பத்தைந்து இருக்கும். தடித்த கண்ணாடி, எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய ஆணுறை. சுற்று வட்டாரத்தில் அந்தத் தொழில் செய்கிற பெண்களுக்கெல்லாம் சுகாதார ஆபீஸிலிருந்து வாங்கிவந்து பிரித்துக் கொடுப்பதும் அவர்தான். உறை இல்லையென்றால் வந்த வழியே போகலாம், அவ்வளவுதான் பேச்சு.

முதல் நாள் பெல்ட்காரர் முறைத்துக்கொண்டார்.

"என்னைப் பாத்தா வியாதிக்காரன் மாதிரியா இருக்கு?"

"கண்ணாடி போட்டும் எனக்கு அதெல்லாம் தெரிய மாட்டேங்குதுங்க. உங்களுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியுதா?" என்றார் அந்தம்மா. கேட்டதில் கோபமே இல்லை.

அதோடு விடவில்லை. பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "இதுல தேதி போட்டிருக்கும், சத்தமா படிங்க. சின்ன எழுத்து எனக்குப் புலப்படாது," என்றார். ரிஜிஸ்தர் ஆபீஸில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு அவர் மாதத்தையும் வருடத்தையும் படித்தார். அங்கே வருகிற எல்லா ஆண்களும் அப்படித்தான் படித்தாக வேண்டும் என்று பிற்பாடு தெரிந்தது. சிலர் அதற்காகவே வருவதை விட்டுவிட்டார்களாம். "போகட்டும், படிக்கத் தெரியாதவங்க," என்று சிரித்தார் அந்தம்மா.

ஆலை ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் தேதி படித்தார். மற்ற ஊர்களில் தன் பழைய கணக்கையே வைத்துக்கொண்டார்.

இப்படியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நாள் வந்தது. ஆலையில் பெரிய பெல்ட், மூன்று நாள் வேலை, விடியும்போது முடிந்தது. லாட்ஜில் தூங்கி எழுந்து, குளித்து, கைக்குக் களிம்பு பூசிக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்மாடிக்குப் போனார். தேதி படித்தார், தானே பாக்கெட்டைப் பிரித்துத் தானே போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உறை கிழிந்துவிட்டது. தைத்த துணி பிரிகிற மாதிரிகூட இல்லை, நனைந்த காகிதம் மாதிரிப் போயிருந்தது.

அந்தம்மா எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

அவர் விரலைத் தொட்டு, தன் விரலோடு தேய்த்துப் பார்த்தார் அந்தம்மா. வழுக்கியது.

"என்ன பூசியிருக்கீங்க?"

"வெடிப்புக்குக் களிம்பு. தினம் போடுறதுதான்."

"எண்ணெய்ப் பசையா இருக்கே. எண்ணெய் பட்டா இந்த உறை தாங்காதுன்னு ஆபீஸ்ல படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க. நீங்க ரப்பர் வேலைன்னுதானே சொன்னீங்க?"

கிரீஸ் கையன் என்று பெல்ட்காரர் விரட்டியடித்த அத்தனை ஃபிட்டர்களும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றார்கள். ஆணுறை இயற்கை ரப்பர் என்பது அவருக்குத் தெரியும். எண்ணெய் பட்டால் அது என்ன ஆகும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஆலையில் தெரிந்தது கட்டில்வரை கூட வரவில்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார் அந்தம்மா. "நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் பாக்குறேன். போன தடவ எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அது போன தடவ. எச்.ஐ.வி வராம இருக்க மாத்திரை இருக்கு, மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும். சீக்கிரம் ஆரம்பிச்சா இன்னும் நல்லது. இப்ப மணி மூணு, அஞ்சு வரைக்கும் ஆஸ்பத்திரில ஆள் இருப்பாங்க. சட்டையப் போடுங்க."

"நாளைக்குப் பாத்துக்கலாமே."

"நாளைக்கு நீங்க பஸ் ஏறிடுவீங்க. எனக்குத் தெரியாதா ஆம்பளைங்கள?"

செருப்பை மாட்டிக்கொண்டு அந்தம்மாவே கிளம்பிவிட்டார். தெருவுக்கு வந்ததும் திரும்பி, "எனக்குப் பத்தடி பின்னால வாங்க. தெரிஞ்சவங்க பாத்தா உங்களுக்குத்தான் சங்கடம்," என்றார். பழக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, மருந்துக்கடை எல்லாம் தாண்டி, அந்த வழித்த தலையைப் பார்த்துக்கொண்டே அவர் பத்தடி பின்னால் நடந்தார். தன் மானத்தைக் காப்பாற்ற அந்தம்மா முன்னால் நடக்கிறார் என்பது உறைக்க உறைக்க, அவருக்குக் கூசியது.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அறை கோடியில் இருந்தது. உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சத்தம் போடுகிற ஒரு ஃபேன், ஆலோசகராக ஒரு இளவயதுப் பெண். கேள்வி கேட்டாள், முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டாள், ரத்தம் எடுத்தாள். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"எச்.ஐ.வி இல்ல சார். இன்னைக்கு நடந்தது இந்த டெஸ்ட்ல தெரியாது, அதனால இருபத்தெட்டு நாள் மாத்திரை சாப்பிடணும். ஒரு நாள்கூட விடக்கூடாது. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கணும்." சீட்டைத் திருப்பினாள். "ஆனா உங்களுக்கு சிபிலிஸ் இருக்கு."

"இப்ப கிழிஞ்சதுலயா?"

"ஒரு மணி நேரத்துல ரத்தத்துல காட்டாது சார். இது பழசு. ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துக்குள்ள எப்பவாவது கீழ புண்ணு வந்துச்சா? வலிக்காத புண்ணு?"

வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், துறைமுக வேலையின்போது. சின்னதாக ஒன்று. வேலை நடுவில் தின்னர் கையோடு ஒன்றுக்குப் போனதால் வெந்துவிட்டது என்று நினைத்தார். களிம்பு பூசினார். மூன்று வாரத்தில் ஆறியது. எப்பேர்ப்பட்ட களிம்பு என்று மெச்சிக்கொண்டார்.

"அதுக்கப்புறம் உள்ளங்கையில, உள்ளங்கால்ல தடிப்பு தடிப்பா?"

அதுவும் வந்தது. சொலூஷன் அலர்ஜி என்று நினைத்தார். அதற்கும் களிம்பு. அதுவும் தானாக மறைந்தது.

"தானா மறையும் சார். உள்ள இருக்கும்," என்றாள் ஆலோசகர். "ஊசிலயே குணமாகிடும், பயப்படாதீங்க. கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு."

"மனைவி எப்படி இருக்காங்க?"

"மாசமா இருக்கா. மூணு மாசம்," என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். எட்டு வருடம் எதுவும் இல்லை. போன வருடம் ஒன்று தங்கி, நாலாம் மாதம் கலைந்தது. இது இரண்டாவது. மனைவிக்கு முப்பத்தைந்து வயது. இந்த முறை யாரிடமும் சொல்லாமல், அடி மேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள். டாக்டரைப் பார்ப்பதைக்கூட, கண் பட்டுவிடும் என்பதுபோலத் தள்ளிப்போட்டிருந்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆலோசகர் பேனாவை மூடி வைத்தாள்.

"போன வருஷம் கலைஞ்சதுக்கு இது காரணமா இருக்கலாம் சார். இல்லாமலும் இருக்கலாம், நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா இப்ப இருக்கற குழந்தையக் காப்பாத்த நேரம் இருக்கு. அவங்களுக்கு ரத்தம் பாத்து, இருந்தா உடனே ஊசி போட்டுடலாம். நாள் கடத்தாம கூட்டிட்டு வாங்க. வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி."

"சத்து ஊசின்னு சொல்லிப் போட்டுடலாமா மேடம்?"

"அவங்க உடம்பு அவங்களோடது சார். நீங்க சொல்ல முடியலன்னா கூட்டிட்டு வாங்க, நான் பக்கத்துல இருந்து சொல்ல உதவி பண்றேன். பொய் சொல்லி ஊசி போட மாட்டேன்."

இடுப்புக்குக் கீழே போட்ட ஊசி கல்லாகக் கனத்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சில் கண்ணாடிக்காரம்மா இன்னும் உட்கார்ந்திருந்தார். போயிருப்பார் என்று அவர் நினைத்திருந்தார். பூசி மெழுகிவிட்டு நழுவ ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் உறை கிழிந்தது தன் கையால். நோய் தன் உடம்பில். சொல்லாமல் எப்படிப் போவது? சொன்னார். அவர் வாழ்நாளில் இந்த விஷயத்தில் பேசிய முதல் உண்மை அதுதான்.

"அப்ப எனக்கும் ஒரு ஊசி, உங்க புண்ணியத்துல," என்றார் அந்தம்மா. திட்டவில்லை. "வீட்ல?"

"மூணு மாசமா இருக்கா."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "இங்க நிக்காதீங்க," என்றார். "கிளம்புங்க."

அவர் கிளம்பினார்.

மறுநாள் காலை வீட்டில் மனைவி கட்டில்மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை. காகிதம் மடித்துப் பழகிய கை. சட்டை, துண்டு எதுவானாலும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும். வருவதாகச் சொல்லாமல் வந்தவரைப் பார்த்து, "என்னங்க, வேலை முடிஞ்சுதா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பஸ்ஸில் பாதி ராத்திரிக்கு மேல் தயார் பண்ணிவைத்திருந்த பேச்செல்லாம் காற்றில் போய்விட்டது. கோர்வையில்லாமல், பின்னால் வருவதை முன்னால் சொல்லி, முன்னால் வர வேண்டியதை விழுங்கி, எப்படியோ சொல்லி முடித்தார்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. பெண்களிடம் போனது என்றார், மடித்தாள். நோய் என்றார், மடித்தாள். ஊசி, டெஸ்ட், மூன்று மாதம் தள்ளிப் படுக்க வேண்டும் என்றார், அடுத்த துணியை எடுத்தாள்.

"போன வருஷம் கலைஞ்சதும்... அதுக்கும் இது காரணமா இருக்கலாமாம்," என்றார்.

அவள் கை நின்றுவிட்டது.

போன வருடம் கலைந்தபோது, அச்சகத்தில் மாடி ஏறி இறங்கியதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் அம்மா சொன்னாள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கடைசியில் இவரும் சொன்னார்: "சொல்லச் சொல்லக் கேக்காம படி ஏறின. இப்ப பாரு." அதன் பிறகு அவள் அச்சகத்தில் கீழ்த்தளத்தில் குறைந்த சம்பளத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப நான் படி ஏறினதால இல்லயா?" என்றாள்.

"இல்ல. படி ஏறினா கலையாதுன்னு அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சொன்னா. நான்தான்... என்னாலதான் இருக்கும்."

மடித்த துணிமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அவள் அழுதாள். ஒரு வருடமாக யாருக்கும் தெரியாமல் சுமந்ததையெல்லாம் இறக்கி வைக்கிற அழுகை. அவர் தொடப் போனார். "தொடாதீங்க," என்றாள். எழுந்து முகம் கழுவினாள், தலை வாரிக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க? டெஸ்ட் எடுக்கணும்னீங்களே, கிளம்புங்க."

அவளுக்கும் இருந்தது. எச்.ஐ.வி இல்லை. வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. இவருக்கும் இன்னும் இரண்டு பாக்கி. இரண்டு பேரும் ஒரே பக்கம் காலை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா, "என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து எங்க விழுந்தீங்க?" என்று கேட்டாள். "இவர் விழுந்தாரு, என்னையும் சேர்த்து இழுத்துட்டாரு," என்றாள் மனைவி. அவர் பூட்டைத் திறக்கப் போய்விட்டார்.

அந்த ஆறு மாதம் அவர் வாழ்க்கையிலேயே நீளமானது. மாத்திரை குமட்டியது, ஒரு நாளும் விடவில்லை. வெளியூர் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். வீட்டில் அவருக்குப் படுக்கை முன்னறையில். சாப்பாடு கிடைத்தது, பேச்சு அளவோடு கிடைத்தது. உங்க கூட வாழ முடியாது என்று அவள் சொல்லியிருந்தால் மறுபேச்சு பேச அவரிடம் ஒன்றும் இல்லை. அவள் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. இருக்க விட்டாளே என்று, தினமும் காலையில் எழுந்ததும் அவர் நினைத்துக்கொள்வார். மூன்றாம் மாதம் எடுத்த டெஸ்டில் அவருக்கு எச்.ஐ.வி இல்லை என்று வந்தது. காகிதத்தை அவள் முன்னால் வைத்தார். படித்துவிட்டு, அழகாக நாலாக மடித்துக் கொடுத்தாள்.

வேலை இடத்தில் மட்டும் அவர் வாய் ஓயவில்லை. ஆனால் பேச்சு மாறியிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஆலைக் கொட்டகையில் ஓர் ஆணுறையை எடுத்து வாயால் ஊதுவார். ஆட்கள் சிரித்துப் புரளுவார்கள். சிரித்து முடியும்வரை காத்திருந்து, களிம்பை விரலில் எடுத்து அதன்மேல் தடவுவார். "மணியப் பாருங்கடா," என்பார். சில நிமிடத்தில் பட்டென்று வெடிக்கும்.

"நான் பத்தொம்பது வருஷம் ரப்பர் பாத்தவன். எனக்கே தெரியல. உங்களுக்கு என்ன தெரியும்? போறவன் போவான், போகாதேன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. போனா இதப் போடு, எண்ணெய்க் கையால தொடாதே. ஆளப் பாத்தா தெரியும்னு மட்டும் எவனும் சொல்லாதீங்க. என்னைப் பாத்தா தெரிஞ்சுதா?"

யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. இரண்டு மூன்று பேர் தனியாக வந்து ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

குழந்தை ஒரு முற்பகலில் பிறந்தது. பெண். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் ஆஸ்பத்திரி நடையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கும்பிட்டுக் கேட்கக்கூடத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல், கையைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக நின்றார். பிற்பகலில் குழந்தை டாக்டர் வந்து, தாய்க்குச் சரியான நேரத்தில் முழு சிகிச்சை நடந்திருக்கிறது, குழந்தையின் ரத்தமும் நன்றாக இருக்கிறது, உடம்பிலும் ஒரு குறையும் இல்லை, அடுத்தடுத்த செக்கப்புக்கு மட்டும் தவறாமல் கொண்டுவாருங்கள் என்று சொன்னார். பெல்ட்காரர் டாக்டருக்கு நன்றி சொன்னார், நர்ஸுக்கு நன்றி சொன்னார், தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் நன்றி சொன்னார். அந்தப் பெண், "எனக்கு எதுக்கு? கால எடுங்க," என்றாள்.

உள்ளே போனார். மனைவி பக்கத்தில் குழந்தை துணிச் சுருளாகக் கிடந்தது. எட்டி நின்றே பார்த்து அழுதார்.

"அழுதது போதும்," என்றாள் மனைவி. "கிட்ட வாங்க." வந்தார். "அவங்களுக்குத் தகவல் சொன்னீங்களா?"

"அம்மாவுக்கா? சொல்லிட்டேன்."

"அத்தையச் சொல்லல. அந்தக் கண்ணாடி போட்டவங்கள."

துணி மடித்த அன்றைக்கு அவர் உளறியதோடு சரி, இத்தனை மாதத்தில் அவள் அந்தம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஃபோன் நம்பர் இல்ல."

"அப்ப நேர்ல போங்க. ரெண்டு நாள்ல என்னை வீட்டுல விட்டுட்டுப் போங்க." குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். "நான் உங்கள அங்க போகச் சொல்ற ஒரே தடவ இதுதான். வாசல்லயே நின்னு சொல்லிட்டு வரணும். உங்களுக்கு நான் என்னைக்கு மன்னிப்பு குடுப்பேன்னு எனக்கே தெரியல. ஆனா அவங்க அன்னைக்கு உங்கள கையோட இழுத்துட்டுப் போகலன்னா, இன்னைக்கு என் பக்கத்துல யாரு படுத்திருப்பா?"

போனார். தையல் கடைக்கு மேல்மாடி, காலை பத்து மணி. கதவைத் திறந்த கண்ணாடிக்காரம்மா, "வாங்க, ரொம்ப நாளாச்சே," என்று வழி விட்டார். அவர் உள்ளே கால் வைக்கவில்லை.

"பொண்ணு பொறந்திருக்கு. ரத்தம் நல்லா இருக்கு. அவளும் நல்லா இருக்கா. சொல்லிட்டு வரச் சொன்னா."

"யாரு சொன்னது?"

"என் சம்சாரம்."

அந்தம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா இந்த வாசல்ல எத்தனயோ பேர் வந்து நின்னிருக்காங்க," என்றார். "ஒரு வீட்டுல இருந்து எனக்குச் சேதி வந்ததில்ல." பிறகு குரலைத் தேற்றிக்கொண்டு, "குழந்தை எடை எவ்வளவு?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியவில்லை.

"என்ன அப்பா நீங்க? எடை தெரியாதா?"

"இருங்க, கேக்குறேன்," என்று வீட்டுக்கு ஃபோன் போட்டார். "குழந்தை எடை கேக்குறாங்க," என்றார். மனைவி சொன்னாள்: "அவங்ககிட்ட குடுங்க."

கொடுத்தார். கண்ணாடிக்காரம்மா ஃபோனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்து, "சொல்லும்மா," என்றபடி உள்ளே போனார். அவர் வாசலிலேயே நின்றார். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே சில சமயம் சிரிப்பு கேட்டது, சில சமயம் ஒன்றுமே கேட்கவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.